அறிவித்தல் பலகை எழுதினால் குப்பை குறையுமா? சமூக உளவியலும் எங்கள் திருகோணமலையும்

உப்புவெளி மாணவி (தொடக்கப் பதிவு)

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், ஒரு புள்ளிமான் சொப்பிங் பையொன்றை மென்றுகொண்டிருப்பதைக் கண்டேன். பைக்குள் மிஞ்சிக் கிடந்த சோற்றின் உப்பும் எண்ணெயும் அதற்கு மணத்திருக்க வேண்டும். பாதிப் பை வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக, தலையை உதறி உதறி அதை விழுங்க முயன்றது. நான் கிட்டப் போனதும் விலகி ஓடியது. பை அதன் வாயிலேயே இருந்தது. அவ்வழியே நடந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், எல்லோருடைய முகத்திலும் வருத்தம் தெரிந்தது, ஆனாலும் கோயிலில் இருந்து திரும்பி வரும்போது அதே இடத்தில் புதிதாக இரண்டு பைகள் கிடந்தன. 20 மைக்ரோனுக்கு மேற்படாத பொலித்தீனும் லன்ச் சீட்டும் 2017 செப்டம்பரிலேயே நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டன. ஆகவே சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை, வருத்தம் இல்லை என்று சொல்வதற்கும் இல்லை. பிறகு எது குறைகிறது என்பதுதான் என் கேள்வி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் குழு கடற்கரையில் ஓர் அறிவித்தல் பலகை நாட்டியது. “இங்கே நாள்தோறும் மலைபோல் குப்பை வீசப்படுகிறது, இது நம் எல்லோருக்கும் வெட்கக்கேடு” என்ற வாசகத்தை எழுதியவர்களுள் நானும் ஒருத்தி. சில வாரங்களில் அந்தப் பலகையின் காலடியிலேயே குப்பை சேரத் தொடங்கியது. மக்களுக்கு அக்கறை இல்லை என்று அப்போது நாங்கள் பேசிக்கொண்டோம். சமூக உளவியல் பாடத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்கிய பின்னர், பிழை எங்கள் வாசகத்தில் இருந்திருக்கலாம் என்று உணர்கிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கல்லாய்ச் சமைந்த பழங்கால மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா உள்ளது. பார்க்க வருபவர்கள் சிறு துண்டுகளை எடுத்துக்கொண்டு போவதுதான் அங்குள்ள தொல்லை. ரொபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் வைத்துவிட்டு, வெவ்வேறு வாசகங்களை மாற்றி மாற்றி எழுதி வைத்துப் பார்த்தார்கள். முன்னர் வந்த பலர் துண்டுகளை எடுத்துச் சென்றதால் பூங்கா சிதைந்துவிட்டது என்று எழுதியிருந்தபோது ஏறக்குறைய 8 சதவீதமான துண்டுகள் காணாமற் போயின. தயவுசெய்து எடுக்க வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தபோது போனவை 2 சதவீதத்துக்கும் குறைவு. பலர் இதைச் செய்கிறார்கள் என்று வருந்திச் சொல்லும்போதே, இங்கே இதுதான் வழக்கம் என்ற செய்தியையும் நாம் கொடுத்துவிடுகிறோம். எங்கள் பலகையும் அதைத்தான் செய்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, அதுவரை ஒதுக்கிவந்த இருதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்குமாறு குடும்பப் பெண்களை இணங்கவைக்கும் பொறுப்பு குர்ட் லெவின் என்ற ஆய்வாளரிடம் வந்தது. நாசி ஆட்சியில் இருந்து தப்பி அகதியாகச் சென்ற யூதர் அவர். சில குழுக்களுக்கு ஊட்டச்சத்துப் பற்றி நல்ல விரிவுரை நடத்தப்பட்டது. வேறு சில குழுக்களில் பெண்களே தங்களுக்குள் தடைகளைப் பேசி, முடிவில் யார் சமைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது எல்லோர் முன்னிலையிலும் கையை உயர்த்தினார்கள். விரிவுரை கேட்டவர்களில் ஏறக்குறைய 3 சதவீதத்தினரே பின்னர் சமைத்தார்கள், கலந்து பேசியவர்களில் 32 சதவீதத்தினர் சமைத்தார்கள். நமது மாவட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எத்தனை முதலாம் வகை, எத்தனை இரண்டாம் வகை? குப்பை, கடல், வதந்தி, இனங்களுக்கு இடையிலான அச்சம் ஆகிய நம் ஊரின் உண்மையான சிக்கல்களுக்கு இந்த அறிவை எவ்வாறு கொண்டுவரலாம் என்று இங்குள்ள பெரியவர்களும் நண்பர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

திருக்கடலூர் மைந்தன்

தங்கை, நீங்கள் குப்பையைப் பற்றிச் சொன்னதைக் கடலுக்குப் பொருத்திச் சொல்கிறேன். மீன்கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்கு வலையும் டைனமைட்டும் கடலை அழிக்கின்றன என்பது கரையில் மீனவர் தங்கும் வாடியில் உள்ள எவருக்கும் தெரியாததல்ல. டைனமைட் வெடித்த இடத்தில் குஞ்சும் பொரியும் வயிறு வெடித்து மிதப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களிடம் வந்து மீன்வளம் அழிகிறது என்று படம் காட்டி விளக்குபவர்களுக்கு நாங்கள் மரியாதை கொடுத்துக் கேட்கிறோம், ஆனால் அவர்கள் விளக்குவது எங்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. எங்களைத் தடுமாற வைப்பது வேறு. நான் விட்டாலும் அவன் விடமாட்டான், பிறகு நான் மட்டும் ஏன் வெறுங்கையோடு கரைக்கு வர வேண்டும் என்ற எண்ணம்தான் அது. அந்த “அவனும்” தன் வாடியில் இருந்துகொண்டு என்னைப் பற்றி இதையேதான் நினைக்கிறான்.

கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் இந்தச் சந்தேகம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வலை வளைக்கும் கரைத்துண்டாகிய பாட்டுக்கு முறை இருக்கிறது, இன்றைக்கு யார் வலை வளைப்பது என்பது எல்லோருக்கும் தெரியும். வலையின் இரண்டு கம்பாக் கயிறுகளிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்கிறார்கள், மீன் சேரும் மடி கரைக்கு வந்ததும் எல்லோர் கண் முன்னாலேயே மீன் கொட்டப்படுகிறது, பங்கும் அங்கேயே பிரிக்கப்படுகிறது. யார் என்ன செய்தார் என்பது வெளிச்சத்தில் இருப்பதால் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கத் தேவை ஏற்படுவதில்லை. ஆழ்கடலில் இரவில் நடப்பதை எவரும் பார்ப்பதில்லை, ஆகவே ஆளுக்கொரு கதையை நம்பி நடக்கிறோம்.

உப்புவெளி மாணவி

அண்ணா, நீங்கள் எழுதியதை இத்துறையில் சமூக இக்கட்டு என்று சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு நல்லதைத் தெரிவுசெய்ய, எல்லோரும் சேர்ந்து நட்டப்படும் நிலை அது. ஆய்வுகூடங்களில் நடத்தப்பட்ட பல பரிசோதனைகளில், பங்குபற்றுபவர்கள் முடிவெடுக்கும் முன் தங்களுக்குள் நேருக்கு நேர் பேச இடமளித்தால் ஒத்துழைப்பு வெகுவாகக் கூடியது. பேச்சில் வாக்குக் கொடுத்தல் நடைபெறுகிறது, மற்றவரும் என்னைப்போலவே விரும்புகிறார் என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

கரைவலையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு துணைச் சான்றும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பொதுவளங்களை மக்கள் தாமாகவே எவ்வாறு காக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 2009 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், நம் நாட்டின் தெற்கில் உள்ள மாவெல்ல என்ற ஊரின் கரைவலைகளையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். அங்கும் முறை வைத்துத்தான் வலை வளைத்தார்கள், அந்த முறை நியாயமாகவே இருந்தது. ஆனால் புதிய வலைகள் சேர்ந்துகொண்டே போவதை ஊரவர்களால் தடுக்க முடியவில்லை, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த விதி இருந்தும் அரசியல் செல்வாக்கினால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே ஊருக்குள் நம்பிக்கை இருப்பது மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது.

மூதூர் ஆசிரியர்

சகோதரி தொடங்கிய விடயத்தை நான் வதந்திக்குக் கொண்டுபோக விரும்புகிறேன், ஏனென்றால் குப்பையால் மான் சாகிறது, வதந்தியால் மனிதர் சாகிறார்கள்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் கிடந்த ஒரு கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லிப் பரப்பினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டிதான் என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார், ஆனால் அதற்குள் மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தின் திகனையும் எரிந்துவிட்டது, அவசரகாலச் சட்டம் வந்தது, சமூக ஊடகங்களும் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. வதந்தி பரவும் அளவை, விடயத்தின் முக்கியத்துவத்தையும் தெளிவின்மையையும் பெருக்கி அறியலாம் என்று கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947 இலேயே எழுதினார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைப் பூச்சியமாக்கினால் விடையும் பூச்சியமாகும். குழந்தைப் பேறு எவருக்கும் முக்கியமற்றதாக ஆகாது, ஆகவே தெளிவின்மையைத்தான் குறைக்க முடியும், அதையும் சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் வந்த நாட்களில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மூவினத்தவரும் இருக்கும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், குழாய்த் தண்ணீரில் நஞ்சு கலக்கப்பட்டிருக்கிறது என்றும் கலந்தவர்கள் இன்னார் என்றும் ஒரு செய்தி இரவு ஒன்பது மணியளவில் வந்து விழுந்தது. குழுவில் எவரும் எதுவும் எழுதவில்லை. பலர் அதை வாசித்திருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முஸ்லிம் ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த மௌனத்தை உடன்பாடு என்று எடுத்துக்கொண்டோம், எனக்கு அன்றிரவு நெஞ்சு அடைத்தது. மற்றவர்களோ, பிறகு பேசியபோது தெரியவந்தது, நம்பாமலும் அதே வேளை மற்ற எல்லோரும் நம்புகிறார்கள் என்று நினைத்தும் பேசாதிருந்திருக்கிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரத்தின் பின் ஒரு தமிழ் ஆசிரியை, “நான் இப்போதுதான் அந்தக் குழாய்த் தண்ணீரில் தேநீர் வைத்துக் குடித்தேன், ஒன்றும் இல்லை, இதை யாரும் அனுப்ப வேண்டாம்” என்று எழுதினார். அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு பேர் தாங்களும் குடித்ததாக எழுதினார்கள். செய்தியைப் போட்டவர் அதை அழித்துவிட்டார்.

கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் பரிசோதனைகளைச் சொலமன் ஆஷ் 1951 இல் வெளியிட்டார். அறையில் உள்ள எல்லோரும் வேண்டுமென்றே பிழையான விடையைச் சொன்னபோது, பரிசோதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அந்தப் பிழையோடு ஒத்துப்போனார்கள். ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லத் துணிந்தால் அந்த அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ஆசிரியை இந்தப் பரிசோதனையை அறிந்தவர் அல்லர், ஆனால் அவர் செய்தது அதுதான். என் மாணவர்களுக்கு நான் இப்போது கற்பிப்பது, பொய்ச் செய்தியை அடையாளம் காண்பது எப்படி என்பதை மட்டும் அல்ல. நம்பாவிட்டால் நம்பவில்லை என்று உடனே எழுத வேண்டும், நீண்ட விளக்கம் தேவையில்லை, ஒரு வரி போதும் என்பதையே முதலில் சொல்கிறேன்.

தம்பலகாமம்

பிள்ளை, சேர், இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் என் மனத்தில் நெடுநாளாக உள்ள ஒரு மறுப்பை இங்கே வைக்க வேண்டும்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பித்தான் எங்கள் வயல்கள் விளைகின்றன. என் தகப்பனார் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்த காலத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே வாய்க்காலில் மடை திறந்து முறை வைத்துப் பாய்ச்சினார்கள். சூடு மிதிக்கும் காலத்தில் ஒருவர் களத்துக்கு மற்றவர் வந்தார், சாவீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் போய் வந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாததால் பகை வந்தது என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எங்களுக்கு ஒருவரை ஒருவர் நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் அந்த வாய்க்காலோரம் இருந்த வீடுகள் எரிந்தன.

போருக்குப் பின்னர் எத்தனையோ நல்லிணக்கச் செயலமர்வுகளுக்குப் போயிருக்கிறேன். ஒன்றை மறக்க முடியாது. மூன்று நாள், கடற்கரை விடுதி ஒன்றில். ஆடினோம், பாடினோம், ஒருவர் கையை ஒருவர் பிடித்து வட்டமாக நின்றோம். மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுக்கு முன், என் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது தன் காணியில் வேறொருவர் குடியிருந்ததைச் சொல்லத் தொடங்கினார். நடத்தியவர், “ஐயா, அது வேறு விடயம், இங்கே நாம் இதயங்களைப் பற்றிப் பேசுகிறோம்” என்றார். அந்த மனிதர் கையில் பிடித்திருந்த காணி உறுதியின் பிரதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை.

சமூக உளவியலை நாட்டுக்குப் பயன்படுத்துகிறோம் என்று சொல்பவர்கள், காணியையும் அதிகாரத்தையும் பேசாமல் மனத்தை மட்டும் பழுதுபார்க்கப் போகிறார்களா என்பதே என் கேள்வி.

உப்புவெளி மாணவி

ஐயா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு இரண்டு நாள் விடையெழுதாமல் இருந்தேன். நீங்கள் எழுப்பிய மறுப்பு இத்துறைக்கு உள்ளேயே எழுந்துள்ளது, அதை மறைத்துவிட்டு நான் பேசுவது நேர்மையாகாது.

இனங்களுக்கு இடையிலான தொடர்பு தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்ற கருத்தை ஆல்போர்ட் 1954 இல் முன்வைத்தபோதே நான்கு நிபந்தனைகளை விதித்தார். இரு தரப்பும் சம தகுதியில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காக ஒத்துழைக்க வேண்டும், சட்டமோ அதிகாரமோ அதற்குத் துணைநிற்க வேண்டும். பின்னர் வந்தவர்கள் நான்கையும் மறந்துவிட்டு, ஓர் அறையில் இருத்திவிட்டால் போதும் என்று எண்ணிவிட்டார்கள். உங்கள் வாய்க்காலில் முதல் மூன்றும் ஓரளவுக்கு இருந்தன என்று தெரிகிறது. நான்காவது இல்லாமற் போனது மட்டும் அல்ல, அது எதிர்ப்பக்கமாகத் திரும்பியது.

2006 இல் பெட்டிகுரூவும் டிரொப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தொடர்பினால் தப்பெண்ணம் பொதுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். ஆயினும் 2009 இல் வெளிவந்த ஒரு பரிசோதனை உங்கள் பக்கம் நிற்கிறது. தமார் சாகுய் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும், ஒரு குழுவுக்குப் பங்கிடும் அதிகாரத்தைக் கொடுத்து, மற்றக் குழுவை அதன் கையை எதிர்பார்க்க வைத்தார்கள். தங்களுக்குள் ஒற்றுமையான விடயங்களை மட்டும் பேசிய சந்திப்புகளுக்குப் பின், அதிகாரம் இல்லாதவர்கள் தமக்கு நியாயம் கிடைக்கும் என்று நம்பினார்கள். அதிகாரம் உள்ளவர்கள் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி பங்கிடவில்லை. இனிமையான சந்திப்பு, நலிந்தவரின் விழிப்பைத் தளர்த்திவிட்டு நிலைமையை அப்படியே விட்டுவிடலாம் என்பது இதன் பொருள். அந்தச் செயலமர்வில் மடிக்கப்பட்ட காணி உறுதியைப் பற்றி நீங்கள் எழுதியபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

எனினும் செயலமர்வுகளை முழுவதுமாகத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. நம் நாட்டிலேயே தீபக் மல்ஹோத்ராவும் சுமணசிறி லியனகேயும் செய்த ஓர் ஆய்வு 2005 இல் வெளிவந்தது. தமிழ், சிங்கள இளைஞர்கள் கலந்துகொண்ட நான்கு நாள் சமாதானச் செயலமர்வு ஒன்றின் விளைவை, ஓராண்டுக்குப் பின்னர் சென்று அளந்தார்கள். பங்குபற்றியவர்கள், பங்குபற்றாதவர்களைவிட மறுதரப்பினர்மீது கூடுதலான பரிவு காட்டினார்கள். மறு இனத்தைச் சேர்ந்த ஏழைச் சிறுவர்களுக்குக் கூடுதலான பணமும் கொடுத்தார்கள். போர் முற்றுப்பெறாத காலத்திலேயே இது நடந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது.

அதைவிட அண்மையது சல்மா மூசா வடக்கு ஈராக்கில் செய்து 2020 இல் வெளியிட்ட ஆய்வு. ஐ.எஸ். இயக்கத்தால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களின் உதைபந்தாட்ட அணிகளில், குலுக்கல் முறையில் தெரிவான சிலவற்றில் முஸ்லிம் வீரர்கள் சேர்க்கப்பட்டார்கள். கலந்து விளையாடியவர்கள் மாதங்கள் கழிந்த பின்னும் முஸ்லிம் வீரர்களோடு பயிற்சிக்கு வந்தார்கள், அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் சேர விரும்பினார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மொசூலுக்குப் போய் ஓர் உணவகத்தில் சாப்பிடத் துணிந்தார்களா என்று பார்த்தபோது, அங்கே பெரிய மாற்றம் தெரியவில்லை. தெரிந்த முகங்கள்மீது ஏற்பட்ட நம்பிக்கை, தெரியாத முகங்களுக்குப் பரவவில்லை. உங்கள் வாய்க்காலில் நடந்ததும் இதுவாக இருக்கலாம் ஐயா. உங்கள் தகப்பனாரை அறிந்தவர்கள் வீட்டை எரித்திருக்கமாட்டார்கள், எரித்தவர்கள் வேறிடத்தில் இருந்து வந்திருப்பார்கள், அறிந்தவர்களால் அவர்களைத் தடுக்க முடியாமற் போயிருக்கும்.

தம்பலகாமம்

ஆம். வெளியில் இருந்துதான் வந்தார்கள். எங்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர் ஒரு சிங்களவர். இதை நான் எழுதாமல் விட்டது பிழை.

மூதூர் ஆசிரியர்

ஐயா எழுதிய அந்த ஒரு வரி எங்கள் மாவட்டத்தின் எல்லாக் குடும்பங்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் உண்டு. அதை ஏன் நாங்கள் பொதுவில் சொல்வதில்லை என்பதே ஆராயத்தக்க ஒன்று.

2012 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 40 சதவீதம், தமிழர் 30 சதவீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 சதவீதம். மூவரில் எவரும் பாதியைத் தொடவில்லை. மூவரும் தம்மைச் சூழப்பட்டவர்களாகவே உணர்கிறார்கள். இந்த உணர்வு உள்ள இடத்தில், மறுபக்கத்தவர் செய்த நன்மையைச் சொன்னால் நம் பக்கத்தின் வழக்கு பலவீனமாகிவிடும் என்ற அச்சமும் இருக்கிறது. அரி நாட்லரும் நுரித் ஷ்னாபெலும் நல்லிணக்கத்தைப் பற்றி எழுதியவற்றில், பாதிக்கப்பட்ட தரப்புக்குத் தன் பலமும் மதிப்பும் மீள வேண்டும், பாதிப்பைச் செய்த தரப்புக்குத் தானும் நல்லவனாக ஏற்கப்பட வேண்டும், இரண்டும் வெவ்வேறு தேவைகள் என்று விளக்குகிறார்கள். எங்கள் சிக்கல் என்னவென்றால் மூவரும் ஒரே நேரத்தில் இரண்டு தரப்புமாக இருந்திருக்கிறோம்.

2004 டிசம்பர் 26 ஐயும் நினைவுகூர வேண்டும். சுனாமி அலை அடித்த அன்று யாரும் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. பள்ளிவாசலில் சமைத்த சோறு கோயிலுக்குப் போனது, கோயிலில் இருந்து உடுப்பு எங்களுக்கு வந்தது. 2005 ஜூலையில் இலண்டனில் குண்டுகள் வெடித்தபோது சுரங்க ரயில்களில் இருந்தவர்களைப் பற்றி ஜோன் டிரூரியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, கூட்டம் பீதியில் மிதித்துக்கொண்டு ஓடும் என்ற பழைய நம்பிக்கை தவறு என்று காட்டினார்கள். ஒரே விதி எல்லோருக்கும் நேர்ந்துவிட்டது என்ற உணர்வு, அந்நியர்களை ஒரு குழுவாக ஆக்கிவிடுகிறது. நாங்கள் அதைக் கண்ணால் கண்டோம். பிறகு நிவாரணம் வந்தது, நிவாரணத்தோடு பட்டியல் வந்தது. பட்டியல் ஊர் ஊராக எழுதப்பட்டது, எங்கள் ஊர்களோ பெரும்பாலும் இனம் இனமாக இருக்கின்றன. அவர்களுக்கு எத்தனை வீடு, எங்களுக்கு எத்தனை வள்ளம் என்று எண்ணத் தொடங்கிய நாளில் அந்த ஒரே விதி என்ற உணர்வு போய்விட்டது. எவரும் தீய எண்ணத்தோடு அந்தப் பட்டியலைத் தயாரித்திருக்க மாட்டார்கள். ஆனால் உதவி பங்கிடப்படும் முறையே மனிதர் தம்மை யார் என்று எண்ணிக்கொள்வதைத் தீர்மானித்துவிடுகிறது என்பதை, அடுத்த வெள்ளத்துக்கு முன்னராவது பிரதேச செயலகங்களில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

திருக்கடலூர் மைந்தன்

சேர் சொன்னது முற்றிலும் உண்மை. வள்ளம் கொடுத்த விதத்தில் ஒரே கரையில் இருந்த அண்ணன் தம்பிகளே பேசாமற் போனார்கள்.

நான் கேட்க விரும்புவது வேறு. கடல் ஏறுகிறது, மழை காலம் தவறிப் பெய்கிறது, வாடைக் காற்று தொடங்கும் நாளைப் பெரியவர்களாலும் இப்போது சொல்ல முடிவதில்லை. இது உலகம் முழுவதற்குமான சிக்கல், எங்கள் வாடியில் கைதூக்கி முடிவெடுத்து என்ன ஆகப் போகிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன விடை சொல்வது?

உப்புவெளி மாணவி

அண்ணா, 125 நாடுகளில் ஏறக்குறைய 130,000 பேரிடம் கேட்டு 2024 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு உங்கள் வாடிக் கதையை உலக அளவில் சொல்கிறது. காலநிலையைக் காப்பதற்கு மாத வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கொடுக்க ஆயத்தம் என்று 69 சதவீதத்தினர் சொன்னார்கள். உங்கள் நாட்டில் மற்றவர்களில் எத்தனை பேர் அப்படிக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது கிடைத்த சராசரி விடை 43 சதவீதம் மட்டுமே. நான் விட்டாலும் அவன் விடமாட்டான் என்று நீங்கள் எழுதிய எண்ணம்தான் அந்த இடைவெளியில் இருக்கிறது. உங்கள் வாடியில் எடுக்கும் முடிவினால் கடல் மட்டம் இறங்கிவிடாது என்பதை இளைஞர்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டறிவது அவர்களால் முடிந்த வேலை, சுருக்கு வலையில் அந்த வேலைக்கு உடனடிப் பயனும் உண்டு.

தம்பலகாமம்

பிள்ளை, இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. அரிசோனாவிலும் அமெரிக்க வகுப்பறைகளிலும் கண்டதை எங்கள் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? 2010 இல் ஹென்ரிக் என்பவரும் வேறு இருவரும், உளவியல் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை மேற்கு நாட்டுச் செல்வந்தச் சமூகங்களின் மாணவர்களைக் கொண்டே நடந்தவை, உலக மக்களோடு ஒப்பிட்டால் அவர்கள்தான் விதிவிலக்கு என்று எழுதியதை நான் வாசித்திருக்கிறேன்.

உப்புவெளி மாணவி

அந்த எச்சரிக்கையை ஏற்கிறேன் ஐயா. அதனால்தான் ஈராக்கில் செய்ததையும் நம் நாட்டில் செய்ததையும் தேடி எடுத்தேன். இன்னொன்று ருவாண்டாவில் நடந்தது. இனப்படுகொலைக்குப் பின் அங்கே ஒலிபரப்பான நல்லிணக்க வானொலி நாடகத்தைச் சில கிராமங்களும், சுகாதார நாடகம் ஒன்றை வேறு சில கிராமங்களும் ஓராண்டு கேட்டன. எலிசபெத் லெவி பாலக் அதன் விளைவை 2009 இல் வெளியிட்டார். மக்களின் தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் தங்கள் சமூகத்தில் எது ஏற்கத்தக்க நடத்தை என்பதைப் பற்றிய எண்ணமும், நடந்துகொண்ட விதமும் மாறின. வானொலியைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் ஊர் அது. நம் ஊரும் அப்படித்தான் இருந்தது.

பலகை விடயத்தில் வேறு எவருடைய ஆய்வையும் நம்பியிருக்காமல் நாமே அளந்து பார்க்கலாம். பழைய பலகையைக் கழற்ற எங்கள் குழு இணங்கிவிட்டது. புதிய வாசகம் வேண்டாம் என்றும், முதலில் கோட்டை வாசலில் கடலையும் மாங்காயும் விற்பவர்களோடு அமர்ந்து பேசுவோம் என்றும் முடிவு செய்தோம். சென்ற புதன்கிழமை மாலை ஏழு பேர் வந்தார்கள். மான் பையை விழுங்குவதைப் பார்த்து அழுததாக மாங்காய் விற்கும் அம்மா ஒருவர் சொன்னார். பை கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயத்தைத்தான் ஏழு பேரும் சொன்னார்கள், அந்தப் பக்கத்துக் கடைக்காரரும் அங்கேயே இருந்தார். தாளில் சுற்றிக் கொடுப்பது என்று நால்வர் கை உயர்த்தினார்கள், மூவர் உயர்த்தவில்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை.

இனி எண்ணும் வேலை. கோட்டை வாசலில் இருந்து கோயில் வளைவு வரையுள்ள வழியில் கிடக்கும் பைகளை வாரம் இரு முறை எண்ணுவோம். ஒப்பிடுவதற்காக, நாங்கள் எதுவும் செய்யாத வேறொரு கடற்கரைத் துண்டிலும் அதே நாட்களில் எண்ணுவோம்.

மூதூர் ஆசிரியர்

சகோதரி, பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களைத் தனியாக எழுதி வையுங்கள். தெற்கில் இருந்து பேருந்துகளில் ஆட்கள் வந்து இறங்குவதால் அன்றைய எண்ணிக்கை எல்லாவற்றையும் குழப்பிவிடும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருபவர்களும் கூடுதல். இரண்டு இடங்களிலும் எண்ணுபவர்கள் வெவ்வேறு ஆட்களாக இருந்தால், ஒரு நாள் ஒரே இடத்தை இருவரும் தனித்தனியே எண்ணி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேர் வருவதற்குப் பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன்.

தம்பலகாமம்

கை உயர்த்தாத மூவரையும் தொடர்ந்து கூப்பிடுங்கள் பிள்ளை. அவர்கள் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். அந்தச் செயலமர்வில் காணி உறுதியோடு எழுந்தவரை நான் நேற்றுச் சந்தித்து இங்கே எழுதப்பட்டதை வாசித்துக் காட்டினேன். அந்தச் சிங்களவர் எங்களுக்குச் சொல்லி அனுப்பிய இரவை அவரும் அறிவார். இருவருமாக அதை எழுதித் தருகிறோம்.

திருக்கடலூர் மைந்தன்

தங்கை, சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு எங்கள் பாட்டில் வலை வளைக்கிறோம். மடி கரைக்கு வந்ததும் மீனைப் பிரித்த பின், வலையில் வந்த பொலித்தீனைத் தனியாகக் குவித்து வைக்கச் சொல்லி வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டிருக்கிறேன், அவர் சரி என்றார். அதையும் எண்ணிக்கொண்டு போகலாம். எண்ணி முடித்த பிறகு வாடியில் இருந்து சுருக்கு வலையைப் பற்றி இளைஞர்களிடம் பேசுங்கள். உரை நிகழ்த்த வேண்டாம், கேள்வியை மட்டும் போடுங்கள்.